ஈயக்குண்டுக்கு எந்த அச்சு?

கைக்கு அடக்கமான இரண்டு உலோகக் கட்டிகள். சேர்த்து மூடினால் உள்ளே ஒரு குழி, மேலே ஒரு சின்னத் துளை. பிடிக்க இரண்டு மரக் கைப்பிடிகள், பார்க்கப் பாக்குவெட்டி போல இருக்கும். உருக்கிய காரீயத்தை ஊற்றி, ஆறவிட்டுப் பிரித்தால் பளபளவென்று ஒரு குண்டு விழும். கைத்துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கும் அச்சு என்பது இவ்வளவுதான். அமெரிக்காவில் இதைக் கடையில் விற்கிறார்கள். இட்லித்தட்டு வாங்குகிற மாதிரி ஆட்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இணையத்தில் இந்த வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து ஒரு தாத்தா நிதானமாக ஈயம் ஊற்றிக்கொண்டிருப்பார். பார்க்கிற கணியூர்ப் பையனுக்கு என்ன தோன்றும்? "இதென்ன பிரமாதம், நம்ம லேத் பட்டறையில ஒரே நாள்ல கடைஞ்சிடலாமே!" அவன் நினைப்பது தப்பில்லை. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் வார்ப்படமும் டையும் தெரிந்த கைகள் ஏராளம். பனியன் கம்பெனி மெஷினுக்குப் பாகம் கடைகிற பட்டறைக்கு இந்த அச்சு ஒரு சவாலே கிடையாது.

அதனால்தான் இதைப் பற்றித் தெளிவாகப் பேச வேண்டியிருக்கிறது. "எந்த அச்சு நல்லது?" என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன. யாருடைய துப்பாக்கி? எந்தச் சட்டம்? யாருடைய உடம்பு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாதவர் அச்சைத் தொடவே கூடாது. ஆனால் "தொடாதே" என்று சொல்வதோடு அரசாங்கத்தின் வேலை முடிந்துவிடுகிறதா? அதுவும் இல்லை. இரண்டையும் பார்ப்போம்.

அச்சுக்கு முன்னால் குழல்

முதலில் ஒரு சின்ன விளக்கம். பேச்சில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது முழுப் பொட்டலம். அதில் பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு என நான்கு பொருள்கள் உண்டு. அச்சு தருவது கடைசிப் பொருளை மட்டும்தான்.

அந்தக் குண்டு எந்த அளவில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அச்சு அல்ல, துப்பாக்கிக் குழல். ஈயக்குண்டு குழலின் உள் அளவைவிட இம்மி பெரிதாக இருக்க வேண்டும் என்பார்கள். அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. அந்த இம்மி குறைந்தால் சூடான வாயு குண்டின் ஓரமாகப் புகுந்து ஈயத்தை உருக்கிக் குழலுக்குள் அப்பிவிடும். அதிகமானால் குழலுக்குள் அழுத்தம் எகிறும். இரண்டுமே நல்லதல்ல.

பழைய காலத்தில் இது இன்னும் கறாராக இருந்தது. கையால் செய்த துப்பாக்கிகளில் ஒன்றின் குழல் மாதிரி இன்னொன்று இருக்காது. ஆகவே துப்பாக்கி செய்தவரே அதற்குப் பொருந்தும் அச்சையும் சேர்த்துக் கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் கோல்ட் ரிவால்வரைப் பெட்டியோடு வாங்கியவருக்கு அதே பெட்டிக்குள் அச்சும் இருந்தது.

இங்கே எல்லோரும் கேள்விப்பட்ட "12 போர்" என்ற சொல்லிலும் இந்த வார்ப்புக் கணக்குதான் ஒளிந்திருக்கிறது. ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்) ஈயத்தைச் சரிசமமாக 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல்தான் 12 போர். குறுக்களவு சுமார் 18.5 மி.மீ. எண் கூடக் கூடக் குழல் ஏன் சிறிதாகிறது என்று குழம்பியவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும்!

பிறகு வருவதுதான் அங்கே பேசப்படும் மற்ற தேர்வுகள். அலுமினிய அச்சு விலை குறைவு, எடை குறைவு, சீக்கிரம் சூடேறும், ஆனால் சீக்கிரம் அடிபடும். இரும்பு அச்சு கனம், துருப்பிடிக்கும், பராமரித்தால் தலைமுறைக்கும் வரும். பித்தளை விலை கூடுதல். ஒரு குழியா, இரண்டா, ஆறா என்பது எவ்வளவு சுடுகிறார் என்பதைப் பொறுத்தது. மூக்கு உருண்டையாக இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். தட்டை மூக்கு காகித இலக்கில் வட்டமான, சுத்தமான ஓட்டை போடும், மதிப்பெண் எண்ண வசதி. எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 9 மி.மீ. துப்பாக்கியில் பரவலாக இருக்கும் 124 கிரெயின் குண்டு எவ்வளவு தெரியுமா? 8 கிராம். கிட்டத்தட்ட ஒரு பவுன்!

இந்தத் தேர்வுகள் எல்லாம் ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. கையில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி இருக்கிறது, அதன் குழலை அளந்தாயிற்று, சுட இடம் இருக்கிறது. இதில் எதுவும் இல்லாதவர் அச்சைத் தேடுவது, கால் அளவு தெரியாமல் செருப்பு தைக்கக் கொடுப்பது போல. அது பரவாயில்லை, செருப்பு கடித்தால் கழற்றிவிடலாம். இங்கே கழற்ற முடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது.

1878: ஒரே வருஷம், இரண்டு பாதை

இன்றைக்கும் குண்டு அச்சு விற்கும் அமெரிக்க நிறுவனங்களில் பழையது லைமன். கனெக்டிகட் மாநிலத்தில் 1878இல் தொடங்கியது. முதலில் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் பாகம் செய்தார்கள், அச்சு பின்னால் வந்தது. அதே 1878இல் இந்தியாவில் என்ன நடந்தது? லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியர்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு! அந்தச் சட்டம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும் தேவைப்பட்டால் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஒரு நாட்டில் ஈயம் வார்ப்பது பொழுதுபோக்காக வளர்ந்தது. இன்னொரு நாட்டில் ஈயமே சந்தேகப் பொருளாகியது.

காரணம் இல்லாமல் இல்லை. தெற்கே பாளையக்காரர் போர்கள் முடிந்த கையோடு 1801 டிசம்பரில் கம்பெனி அரசு ஆயுதங்களுக்குத் தடை போட்டு அறிவிப்பு வெளியிட்டது. கொங்கு நாட்டில் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805இல். பிறகு 1857. அப்போது தீப்பற்றக் காரணமான என்ஃபீல்டு தோட்டா நினைவிருக்கிறதா? ஈயக்குண்டு குழலில் வழுக்கிப் போகக் கொழுப்பு வேண்டும். அந்தத் தோட்டாக் காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவுடையதா, பன்றியுடையதா என்ற சந்தேகத்தில்தான் சிப்பாய்கள் கொதித்தார்கள். இன்றைய அச்சுகளில் குண்டின் இடுப்பைச் சுற்றி வரி வரியாகப் பள்ளம் இருப்பதும் அதே மசகு தங்குவதற்குத்தான்.

"அப்போ இது வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தானே, இன்னும் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1878 சட்டம் இப்போது இல்லை. சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றம் 1959இல் இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த ஆயுதச் சட்டம்தான் இருக்கிறது. அதில் "வெடிபொருள், தோட்டா" வகைக்கு ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதில் தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அடக்கம். இப்போது யோசித்துப் பாருங்கள். குண்டு ஒரு பாகம். அச்சு அதைத் தயாரிக்கும் கருவி. பார்க்கப் பாக்குவெட்டி போல இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது தோட்டா வரிசையில் வந்து நிற்கக்கூடிய பொருள்.

அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது என்கிறது. கவனிக்க வேண்டியது, துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. முதலாவது இருப்பதால் இரண்டாவது தானாக வந்துவிடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத் தயாரிப்புக்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். முன்பு 3 முதல் 7 ஆண்டாக இருந்தது. இருபது வயதில் "சும்மா ட்ரை பண்ணிப் பார்த்தேன்" என்பதற்கு இது ரொம்பப் பெரிய விலை.

சட்டத்தில் ஒரு இரக்கமான மூலையும் இருக்கிறது. 45ஆவது பிரிவின்படி, சேர வேண்டிய மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களை வைத்திருப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தாத்தா காலத்துக் காலித் தோட்டாவை அலமாரியில் வைத்திருப்பவருக்கு இது ஆறுதல். ஆனால் புதிதாக அச்சு கடைந்து ஈயம் உருக்குகிறவர் "நோக்கம் இல்லை" என்று எப்படிச் சொல்வார்? அச்சின் ஒரே நோக்கமே திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் குண்டு செய்வதுதானே. சுவாமிமலையில் ஒரு ஐம்பொன் சிலைக்கு ஒரு மண் அச்சு, வார்த்ததும் உடைத்துவிடுவார்கள். குண்டு அச்சு அப்படியல்ல. ஒன்று செய்தாலும் ஆயிரத்துக்கு வழி செய்தாயிற்று. சட்டம் குண்டோடு நிற்காமல் அச்சு வரைக்கும் கை நீட்டுவது இந்த இடத்தில் சரி என்றே சொல்ல வேண்டும்.

ஈயம் யாரையும் விட்டுவைக்காது

சட்டத்தை மறந்துவிடுங்கள். உரிமம் எல்லாம் இருக்கிற அமெரிக்கத் தாத்தாவுக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. அது காரீயம்.

தமிழில் "ஈயம்" என்ற ஒரே சொல்லைப் போட்டு இரண்டு உலோகங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். குண்டு வார்ப்பது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327 டிகிரியில். இரண்டும் வீட்டு அடுப்புக்கு எட்டுகிற சூடுதான். அங்கேதான் வம்பு. எட்டுகிறது என்பதற்காகச் சமையலறையில் உருக்கினால், அந்தப் பாத்திரமும் அந்த இடமும் பிறகு சமையலுக்கு லாயக்கில்லை.

பலரும் நினைப்பதுபோல உருகியவுடனே ஈயம் புகையாகிப் போய்விடாது. சூட்டை மிதமிஞ்சி ஏற்றினால் ஆவி பெருகும். அதைவிட அதிகத் தொல்லை மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடும், அதைத் தள்ளும்போது பறக்கும் தூசியும்தான். கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், தரையில் படியும். அந்தத் தரையில்தான் வீட்டுக் குழந்தை தவழும், அந்தக் கையைத்தான் வாயில் வைக்கும். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் கெடுக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருக்கிறது என்று 2020இல் யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது. இந்தியா 2000ஆம் ஆண்டு பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தது இதனால்தான்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் அது நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். ஈயம் முகத்தில் தெறிக்கும். இரண்டாவது, பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் யோசனை. அதில் அமிலமும் வேறு நச்சுகளும் கலந்திருக்கும். அந்த மண்ணில் பிறகு என்ன முளைத்தாலும் சந்தேகம்தான். அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் விளைகிற பூமியில் செய்கிற காரியமா அது?

"காட்டுப்பன்றிக்கு யார் பதில் சொல்வது?"

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு விவசாயி கேட்கக்கூடிய கேள்வி இது. கைத்துப்பாக்கி, 9 மி.மீ. எல்லாம் கிராமத்தில் யாருக்கும் இல்லை. இங்கே ஈயமோ பால்ரஸோ போட்டுச் சுடுவது நாட்டுத் துப்பாக்கியில்தான். அதுவும் பொழுதுபோக்குக்கு அல்ல. ராத்திரி பன்றிக் கூட்டம் இறங்கினால் காலையில் பயிர் மிஞ்சாது. உடுமலை, மடத்துக்குளம் பக்கம் இந்தப் புலம்பலைக் கேட்காத டீக்கடை உண்டா?

இங்கேதான் சட்டத்தின் மேல் கோபம் வருகிறது. 1959 சட்டத்தின் 13ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால் கொடுக்கச் சொல்கிறது. இன்னொரு பக்கம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பன்றியைச் சுடாதே என்கிறது. ஒரு கை துப்பாக்கியை நீட்டுகிறது, மறு கை அதைப் பிடுங்குகிறது! 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்களே சுடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் விவசாயி போன் போட்ட ராத்திரியில் ஆள் வந்தால்தான் அது நல்ல ஏற்பாடு. வராவிட்டால் அவர் கை பழைய வழிக்கே போகும். வீட்டில் வார்த்த ஈயக்குண்டைக் குறைக்க வேண்டுமானால், அரசாங்கம் முதலில் அந்தப் போனை எடுக்க வேண்டும். பயிர் நஷ்டத்துக்கான பணம் அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும்.

ஆர்வத்துக்கு ஒரு இடம்

கடைசியாக அந்த வீடியோ பார்த்த பையன். அவனைக் குற்றவாளியாகப் பார்ப்பது பெரிய தப்பு. அவனுக்கு உலோகம் பிடித்திருக்கிறது, நுணுக்கம் பிடித்திருக்கிறது, குறி பார்த்துச் சுடுவது பிடித்திருக்கிறது. மூன்றும் நல்ல விஷயங்கள்.

குறி பார்ப்பதற்கு அச்சே தேவையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில். அதில் போடுவது 4.5 மி.மீ. அளவுள்ள, அரை கிராம் எடையுள்ள ஆலைத் தயாரிப்புக் குண்டு. இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் வட்டம் வெறும் 11.5 மி.மீ. உலகத் தரத்தில் சுடுகிறவர்களே குண்டைக் கடையில் வாங்கிக்கொண்டு, கையையும் மூச்சையும்தான் பழக்குகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியதும் காற்றுத் துப்பாக்கியில்தான்.

ஆனால் கணியூர்ப் பையன் அதை எங்கே போய்ப் பழகுவான்? ரைபிள் கிளப் என்றால் பெரிய நகரத்துக்குப் போக வேண்டும். உடுமலை வந்து, பஸ் மாறி, பொள்ளாச்சி வழியாகக் கோவை. போய் வரவே ஒரு நாள் போய்விடும். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்குத் தேவை ஒரு நீளமான கூடம், நல்ல வெளிச்சம், ஒரு பயிற்சியாளர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மனது வைத்தால் தாலுகாவுக்கு ஒன்று அமைப்பது நடக்காத காரியமா?

உலோகம் பிடித்தவனுக்கும் வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் வார்ப்படம் கற்கலாம், டை செய்யலாம், பம்ப் பாகம் வார்க்கலாம். 0.025 மி.மீ. துல்லியத்துக்குக் கோவையில் நல்ல சம்பளம் உண்டு. குண்டு அச்சுக்கு அந்தத் துல்லியத்தைக் கொடுத்தால் கிடைப்பது 5ஆவது பிரிவு.

ஆகவே "எந்த அச்சு?" என்று கேட்கிற பையனிடம் "வேண்டாம்பா" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்து அழைத்துப் போக ஒரு இடத்தையும் காட்டுங்கள். அந்த இடம் இல்லாத வரைக்கும் வீடியோவில் வரும் தாத்தாதான் அவனுக்கு வாத்தியார்.